ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: கணக்கு தொடங்குவதிலிருந்து முதல் பாஸை வீழ்த்துவது வரை முழுமையான வழிகாட்டி

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளைப் பாதியில் விடுபவர்கள் அதிகம். விளையாட்டு மோசம் என்பதால் விடுவதில்லை. எந்த வேலையை முதலில் செய்வது என்று தெரியாமல் ஒரே மரத்தை நூறு முறை வெட்டிச் சலித்துப் போகிறார்கள். இல்லையென்றால் கணக்கையே திருட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். சரியான வரிசையில் தொடங்கினால் இரண்டையும் தவிர்க்கலாம். அந்த வரிசையை ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை வைத்து இங்கே விளக்குகிறோம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் ஜேகெக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டு இது. மூல ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. பழைய வடிவம்தான் வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டதால், 2007 ஆகஸ்ட் மாதத்துக் காப்புப் பிரதியை எடுத்து 2013 பிப்ரவரியில் தனியாக வெளியிட்டார்கள். 2018 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அதே கணக்கில் ஆடலாம். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. இணைப்பு கொஞ்சம் தாமதமானாலும் ஆட்டம் கெடாது. கட்டணம் கட்டாமலே பல வாரங்கள் ஆடிப் பார்க்கலாம். புதிதாக வருபவருக்கு இந்த வகையில் இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது எங்கள் கருத்து.

முதலில் கணக்கைப் பூட்டுங்கள்

ஆட்டத்தைத் திறக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். கணக்கில் பொருள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் இழக்கிறார்கள்.

1. ஜேகெக்ஸின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஜேகெக்ஸ் லாஞ்சரை இறக்கி, அதிலேயே ஜேகெக்ஸ் கணக்கைத் தொடங்குங்கள். பழைய முறைக் கணக்குகளைவிட இதில் பாதுகாப்பு அதிகம். ஒரே கணக்கில் பல கதாபாத்திரங்களையும் வைத்துக்கொள்ளலாம்.
2. கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். முக்கியமாக, மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே இதற்கும் வைக்காதீர்கள். திருடுபவர்கள் ஆட்டக் கணக்கை நேராக உடைப்பதைவிட மின்னஞ்சலைப் பிடித்து அதன் வழியாக உள்ளே வருவது வழக்கம்.
3. மின்னஞ்சல், ஆட்டக் கணக்கு இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்போது தரப்படும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் உதவுவது அந்தத் தாள்தான்.
4. ஆட்டத்துக்குள் எந்த பேங்க் ஊழியரிடமும் பேசி நான்கு இலக்க பேங்க் பின் அமைக்கலாம். பின்னை நீக்கக் கேட்டால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 3 நாள், 7 நாள் இரண்டில் ஒன்றாக வைக்கலாம். 7 நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்கள் கணக்கில் நுழைந்தே விட்டாலும், பேங்கைத் திறப்பதற்குள் நீங்கள் கவனித்துவிட அந்த அவகாசம் உதவும்.

கணினி, போன், இணைப்பு

4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் இந்த விளையாட்டு ஓடும். பின்னணியில் பிரௌசர் டேப்கள் நிறையத் திறந்திருந்தால் மட்டும் திணறும்.

இணைப்பைப் பற்றி ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். இந்த விளையாட்டின் சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் உலகத்தைப் புதுப்பிக்கிறது. அந்த இடைவெளியின் பெயர் டிக். நீங்கள் சொடுக்கும் எந்தச் செயலும் அடுத்த டிக்கில்தான் நடக்கும். அதனால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 150 மில்லிநொடியாக இருந்தாலும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் போல அது உங்களை வீழ்த்திவிடாது. சொடுக்கு ஒரு டிக்குக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இங்கே உண்மையில் கெடுப்பது பிங்கின் ஏற்ற இறக்கம். 120 ஆக இருந்தது திடீரென 700 ஆகி மறுபடி இறங்கினால், சாப்பிடச் சொன்ன உணவு ஒரு டிக் தள்ளிப் போகும். பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு மோதும் சண்டையில் அந்த ஒரு டிக்கே சாவுக்குப் போதும்.

எனவே உலகத்தை, அதாவது எந்தச் சர்வரில் ஆடுவது என்பதை, தேர்ந்தெடுக்கும்போது பிங் எண்ணோடு அது நிலையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வைஃபை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் இணையுங்கள். முடிந்தால் கேபிளே போட்டுவிடுங்கள். மொபைல் டேட்டாவில் ஆடும்போது, பின்னணியில் ஆப்கள் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். ஆட்டத்துக்குச் செலவாகும் டேட்டா மிகக் குறைவு. அந்த அப்டேட்கள் போடும் நெரிசல்தான் பிரச்சினை.

போனில் அழுத்திப் பிடித்தால் வலது சொடுக்கின் பட்டியல் வரும். மீன் பிடிப்பது, மரம் வெட்டுவது போன்ற நிதானமான வேலைகளுக்குப் போன் அருமையானது. புதிதாக ஒரு பாஸைக் கற்றுக்கொள்ளும்போது மட்டும் கணினிக்கு வாருங்கள்.

ரூன்லைட்: எதைப் போடலாம், எதை விடலாம்

ரூன்லைட், இந்த விளையாட்டைக் கணினியில் திறந்து ஆடுவதற்கான ஒரு திறந்த மூல மென்பொருள். வெளியார் உருவாக்கியது என்றாலும் ஜேகெக்ஸின் அனுமதி பெற்றது. கணினியில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்க வேண்டாம். அச்சு அசலாகத் தோன்றும் போலித் தளங்கள் உண்டு. அங்கே இறக்கும் கோப்பு கடவுச்சொல்லைத் திருடும். ஜேகெக்ஸ் லாஞ்சருக்குள்ளேயே ரூன்லைட்டைத் தேர்ந்தெடுத்து நிறுவும் வழி இருக்கிறது. அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

உள்ளே நூற்றுக்கணக்கான ப்ளக்இன்கள், அதாவது கூடுதல் வசதிகள், இருக்கும். எல்லாவற்றையும் போட்டால் திரை எண்களால் நிறைந்து, ஆட்டமும் மந்தமாகும். புதியவருக்கு இவை போதும்:

- குவெஸ்ட் ஹெல்பர்: ப்ளக்இன் ஹப்பிலிருந்து நிறுவ வேண்டும். குவெஸ்ட் என்றால் கதையோடு வரும் பணி. அடுத்து எங்கே போவது, யாரிடம் பேசுவது, என்ன பொருள் வேண்டும் என்று படிப்படியாகக் காட்டும்.
- க்ரவுண்ட் ஐட்டம்ஸ்: தரையில் கிடக்கும் பொருளின் பெயரையும் விலையையும் காட்டும். குறைந்த மதிப்புள்ளவற்றை மறைக்க ஒரு வரம்பு வையுங்கள். தொடக்கத்தில் 500 நாணயம் சரியாக இருக்கும்.
- ஐடில் நோட்டிஃபையர்: வேலை நின்றுபோனால் ஒலி எழுப்பும்.
- எக்ஸ்பி ட்ராக்கர்: அடுத்த லெவலுக்கு இன்னும் எத்தனை மீன், எத்தனை மரம் என்று கணக்கிடும்.
- வேர்ல்டு ஹாப்பர்: உலகங்களின் பிங்கைப் பக்கப்பட்டியில் காட்டும்.
- க்ரவுண்ட் மார்க்கர்ஸ்: தரைக் கட்டங்களுக்கு நிறம் பூசும். பாஸ் சண்டையில் எங்கே நிற்பது என்று நினைவில் வைக்க உதவும்.

117 எச்டி என்ற ப்ளக்இன் காட்சியை அழகாக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அது சூட்டையும் கிளப்பி வேகத்தையும் குறைக்கும். அங்கே சாதாரண ஜிபியு ப்ளக்இன் போதும். அதற்கும் திணறினால் அதையும் அணைத்து, ஃப்ரேம் வேகத்தை 50-இல் நிறுத்துங்கள்.

விளையாட்டின் அமைப்புகளிலும் இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஷிஃப்ட் அழுத்திச் சொடுக்கினால் பொருளைக் கீழே போடும் வசதியை இயக்குங்கள். எஸ்கேப் விசையால் சாளரங்களை மூடும் வசதியையும் இயக்குங்கள். மணிக்கணக்கில் ஆடும்போது மணிக்கட்டு இதை உணரும்.

கருவியில் எல்லை எது? ஒரு அழுத்தத்துக்கு ஒரு செயல் என்பதே விதி. ஒரு சொடுக்கில் பல செயல்களைச் செய்யும் மேக்ரோ, தானாகச் சொடுக்கும் ஆட்டோ கிளிக்கர் எதுவும் தடைக்கு வழி. தகவல் தரும் கருவி உங்கள் ஆட்டத்தைச் செழிப்பாக்கும். உங்களுக்குப் பதிலாக ஆடும் கருவி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளும்.

இதோடு ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் விக்கியையும் ஒரு டேபில் திறந்து வையுங்கள். ஆட்டக்காரர்களே எழுதிப் பராமரிக்கும் அது, இந்த வகை விளையாட்டுகளிலேயே மிகச் சிறந்த கையேடுகளில் ஒன்று. மினிமேப் அருகே உள்ள விக்கி பொத்தானை அழுத்தி, பிறகு ஏதாவது ஒரு பொருளைச் சொடுக்கினால் அதன் பக்கம் நேராகத் திறக்கும்.

முதல் சில நாட்கள்: ஒரே வேலையை அரைக்காதீர்கள், குவெஸ்ட் செய்யுங்கள்

பயிற்சித் தீவை முடித்ததும் லம்பிரிட்ஜ் கோட்டை அருகே வந்து இறங்குவீர்கள். அங்கே கோழிகளையும் கோப்ளின்களையும் அடித்தே லெவல் ஏற்றலாம் என்று தோன்றும். வேண்டாம். தொடக்க லெவல்களில் குவெஸ்ட் தரும் அனுபவப் புள்ளிகள், அதே நேரத்தில் அடித்துச் சேர்க்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். ஊர், வழி, பேங்க் இருக்கும் இடம் எல்லாமும் கூடவே பழகிவிடும்.

இலவசப் பகுதியில் எங்கள் வரிசை இது.

குக்ஸ் அசிஸ்டன்ட்: கோட்டைச் சமையல்காரருக்கு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு. 300 குக்கிங் புள்ளி கிடைக்கும். மாவில்தான் பலர் சிக்குவார்கள். கோதுமையை ஆலையின் மேல்தளத்தில் உள்ள கொட்டுவாயில் போட்டபின் பக்கத்திலுள்ள நெம்புகோலை இயக்க வேண்டும். அதன்பின் கீழ்த்தளத்தில் வெற்றுப் பானையால் மாவை எடுக்க வேண்டும். நெம்புகோலை மறந்தால் கீழே ஒன்றும் இருக்காது.

தி ரெஸ்ட்லெஸ் கோஸ்ட்: 1,125 பிரேயர் புள்ளி. ஒரே தாவலில் பிரேயர் லெவல் 9. எலும்பு புதைத்துச் சேர்ப்பதென்றால் 4.5 புள்ளி வீதம் 250 எலும்பு வேண்டும்.

டோரிக்ஸ் குவெஸ்ட்: 6 களிமண், 4 செம்புத் தாது, 2 இரும்புத் தாது. 1,300 மைனிங் புள்ளி கிடைத்து லெவல் 10 வரும். அடுத்த குவெஸ்டுக்கு அந்த 10 தேவை.

தி நைட்ஸ் சோர்டு: 12,725 ஸ்மிதிங் புள்ளி. லெவல் 1-இலிருந்து நேராக 29. முழு விளையாட்டிலும் இந்த அளவுக்கு லாபமான தொடக்கக் குவெஸ்ட் சிலதான். புளூரைட் தாது இருக்கும் பனிக்குகையில் ஐஸ் ஜயன்ட்களும் ஐஸ் வாரியர்களும் நிற்கும். சண்டை போடாதீர்கள். ஓட்டச் சக்தியை 100 ஆக்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு சமைத்த ட்ரௌட் மீனோடு ஓடிப் போய், தாதுவை வெட்டி, ஓடி வெளியே வாருங்கள்.

பணத்துக்கு பார்பேரியன் வில்லேஜில் உள்ள ஸ்ட்ராங்ஹோல்ட் ஆஃப் செக்யூரிட்டி இருக்கிறது. கதவுகள் கேட்கும் கணக்குப் பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே இறங்கினால் மொத்தம் 10,000 நாணயமும் ஒரு ஜோடி பூட்ஸும் கிடைக்கும். ஒவ்வொரு தளத்திலும் பரிசுப் பெட்டி வரை ஓடினால் போதும். அங்குள்ள உயிரினங்களோடு சண்டை போட வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு தடங்கல் வரும். இலவசக் கணக்கில் 10 குவெஸ்ட் பாயின்ட், மொத்த லெவல் 100, 20 மணி நேர ஆட்டம் மூன்றும் நிறையும் வரை வர்த்தகத்தில் கட்டுப்பாடு உண்டு. மரக்கட்டை, தாது போன்ற பல பொருள்களை சந்தையில் விற்க முடியாது. கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். தானாக ஆடும் போட் நிரல்கள் பணம் சேர்த்துக் கடத்துவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. மேலே சொன்ன நான்கு குவெஸ்ட்களும் சேர்ந்து 4 குவெஸ்ட் பாயின்ட்தான் தரும்; இன்னும் சில இலவசக் குவெஸ்ட்களைச் செய்து, மற்ற திறன்களையும் கொஞ்சம் ஏற்றினால் முதல் இரண்டும் நிறைந்துவிடும்.

சண்டைத் திறனை வளர்க்கும்போது, கிடைக்கும் சிறந்த சிமிட்டார் வாளை எடுங்கள். அது 4 டிக்குக்கு ஒருமுறை, அதாவது 2.4 நொடிக்கு ஒருமுறை வெட்டும். ஸ்டீல் லெவல் 5, மித்ரில் 20, அடமன்ட் 30, ரூன் 40 என்று அட்டாக் லெவல் ஏற ஏற மாற்றிக்கொள்ளுங்கள். அட்டாக்கை அடுத்த ஆயுதம் எடுக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, மிச்ச நேரத்தை ஸ்ட்ரெங்த்தில் செலவிடுங்கள். அடி பலமானால் எல்லாமே வேகமாகும்.

மெம்பர்ஷிப் எப்போது?

விளையாட்டின் பெரும்பகுதி சந்தா கட்டும் மெம்பர்களுக்குத்தான். பணம் கட்டாமலே மெம்பர் ஆக பாண்ட் என்ற பொருள் இருக்கிறது. ஆட்டத்தின் நாணயத்தால் அதை வாங்கி 14 நாள் மெம்பர்ஷிப்பாக மாற்றலாம். ஆனால் அதன் விலை ஒரு கோடி நாணயத்தையொட்டியும் அதற்கு மேலும் போகிறது. இலவசப் பகுதியின் வருமானத்தில் அந்தத் தொகையைச் சேர்க்கப் புதியவர் ஒருவர் மாதக்கணக்கில் சலிப்பான வேலை செய்ய வேண்டும். அங்கேயே ஆர்வம் செத்துவிடும். மேலே சொன்ன குவெஸ்ட்களை முடித்து, விளையாட்டு பிடித்திருந்தால் ஒரு மாதச் சந்தா கட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அதற்குள்ளேயே தெரிந்துவிடும். பாண்டில் தொடர்ந்து ஆடும் யோசனையை, மெம்பர் பகுதியில் நல்ல வருமானம் வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

மெம்பர் ஆன முதல் வாரம்: ஒரு அடியும் பயிற்சி இல்லாமல் அட்டாக் 40

அட்டாக் லெவல் 40-க்கு 37,224 புள்ளி வேண்டும். வாட்டர்ஃபால் குவெஸ்ட் 13,750 தரும். ஸ்ட்ரெங்த்திலும் அதே அளவு கிடைக்கும். ஃபைட் அரீனா 12,175. ட்ரீ நோம் வில்லேஜ் 11,450. கூட்டினால் 37,375. லெவல் 1-இல் இருப்பவரும் இந்த மூன்றை முடித்தால் ரூன் சிமிட்டாரைக் கையில் எடுக்கலாம். பின்னால் தி கிராண்ட் ட்ரீயையும் செய்தால் இன்னொரு 18,400 சேரும்.

வாட்டர்ஃபால் குவெஸ்டில் எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

கிளாரியலின் கல்லறைக்குள் ஆயுதம், கவசம், ரூன் (மந்திரத்துக்கான கல்) எதையும் கொண்டுபோக முடியாது. போகும் முன் பேங்கில் போட்டுவிட்டு உணவு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே மாஸ் ஜயன்ட்கள் அடிக்கும், நிற்காமல் ஓடுங்கள்.

அருவிக்குள் போகும்போது கயிறு, அமுலெட், அஸ்திக் கலசம், காற்று, மண், நீர் ரூன் ஒவ்வொன்றிலும் ஆறு ஆகியவை வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பி வர வேண்டியதுதான். ஃபயர் ஜயன்ட்கள் இருக்கும் அறைகளைத் தாண்ட நல்ல உணவும் வையுங்கள்.

கடைசி அறையில் ஆறு தூண்களிலும் மூன்று வகை ரூனையும் ஒவ்வொன்றாக வைத்து, சிலையின் மீது அமுலெட்டைப் பயன்படுத்த வேண்டும். அதன்பின் கலசத்தைத் தேர்ந்தெடுத்து, கிண்ணத்தின் மீது பயன்படுத்துங்கள். அவசரத்தில் கிண்ணத்தை நேரடியாகச் சொடுக்கினால் வெள்ளம் வந்து வெளியே அடித்துப் போட்டுவிடும்.

ஃபைட் அரீனாவிலும் ட்ரீ நோம் வில்லேஜிலும் வலிமையான எதிரிகள் வருவார்கள். பௌன்சர் லெவல் 137, கசார்ட் வார்லார்டு லெவல் 112. இருவரோடும் நேருக்கு நேர் மோத வேண்டாம். அவர்கள் நெருங்க முடியாத இடத்தில், ஒரு தடுப்புக்குப் பின்னால் நின்று மந்திரத்தால் அடியுங்கள். அந்த இடம் எது என்று விக்கிப் பக்கத்தின் படத்தைப் பார்த்து க்ரவுண்ட் மார்க்கரால் முன்பே குறித்துவையுங்கள்.

விட்ச்ஸ் ஹவுஸ் ஹிட்பாயின்ட்ஸில் (உயிரின் அளவு) 6,325 புள்ளி தரும். தொடக்க 10-இலிருந்து 24 ஆகும். ட்ரூய்டிக் ரிச்சுவலைச் செய்யாமல் ஹெர்ப்லோர் திறக்காது; அதையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பிறகு எந்தக் குவெஸ்ட் என்று குழம்பினால், விக்கியின் சிறந்த குவெஸ்ட் வரிசைப் பக்கம் இருக்கிறது. அதை ஒரு வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்டமாக வேண்டாம். நடுவில் ஒரு மலையோ குகையோ கண்ணை இழுத்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

சந்தையும் பணமும்

வரோக் நகருக்கு வடமேற்கே உள்ள கிராண்ட் எக்ஸ்சேஞ்சில்தான் எல்லா வாங்கல் விற்றலும். ஒரே நேரத்தில் வாங்கவோ விற்கவோ போட, இலவசக் கணக்குக்கு 3 இடம், மெம்பருக்கு 8. விற்பவரிடம் 2 சதவீத வரி பிடிக்கப்படும். ஒவ்வொரு பொருளுக்கும் 4 மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்ற வரம்பும் உண்டு.

சாளரத்தில் காட்டப்படும் விலை சில நேரம் பழையதாக இருக்கும். பெரிய தொகைக்கு வாங்கும் முன் விக்கியின் நேரலை விலைப் பக்கத்தைப் பாருங்கள். சின்னப் பொருள் உடனே வேண்டுமென்றால் 5 சதவீதம் கூட்டிக் கேளுங்கள். விற்பவர் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் மிச்சம் உங்களுக்கே திரும்பிவிடும்.

வேலை, படிப்பு நடுவே ஆடுபவர்களுக்கு இரண்டு வழி மிகப் பொருந்தும். ஒன்று மூலிகைப் பயிர். நட்ட 80 நிமிடத்தில் விளையும். ஃபார்மிங் 32-இல் ரனார் என்ற மூலிகையை நடலாம். இன்னொன்று ஃபாசில் ஐலண்டில் பறவைக் கூடு. போன் வாயேஜ் குவெஸ்ட் முடித்தபின் நான்கு இடத்தில் கூடு வைத்து, ஒவ்வொன்றிலும் 10 சாதாரண விதை போட்டால் 50 நிமிடத்தில் நிறைந்துவிடும். நீங்கள் ஆட்டத்தில் இல்லாதபோதும் இரண்டும் நடந்துகொண்டே இருக்கும். போனில் ஐந்து நிமிடம் எடுத்து அறுவடை செய்துவிட்டு மூடிவிடலாம்.

பிரேயர் 43, அதன்பின் முதல் பாஸ்

பாஸ் சண்டைக்குத் தயாராகிவிட்டோமா என்பதைக் காட்டும் அடையாளம் பிரேயர் 43. மந்திரத்திலிருந்து காப்பது 37-இல், அம்பிலிருந்து காப்பது 40-இல், நெருங்கி அடிப்பதிலிருந்து காப்பது 43-இல் கிடைக்கும். மூன்றும் கையில் இருந்தால்தான் சண்டையின் தாளம் பிடிபடும்.

43-க்கு 50,339 புள்ளி. ரெஸ்ட்லெஸ் கோஸ்டில் 1,125 வந்துவிட்டது. டிராகன் எலும்பைப் புதைத்தால் 72 புள்ளிதான். ஆட்டத்துக்குள் வாங்கும் வீட்டில் வைக்கும் கில்டட் ஆல்டர் என்ற பலிபீடத்தில், இருபுறமும் தூபம் எரியும்போது படைத்தால் 252. ஆக 196 எலும்பு போதும். உங்களிடம் வீடு இல்லையென்றாலும் கவலையில்லை. உலகம் 330-இல் ரிமிங்டன் ஊருக்குப் போனால் பலர் தம் வீட்டின் ஆல்டரைத் திறந்து வைத்திருப்பார்கள். எலும்பை நோட்டாக (பலவற்றை ஒரே இடத்தில் அடுக்கும் சீட்டு வடிவில்) கொண்டுபோங்கள். அங்கே நிற்கும் பியல்ஸ் ஒன்றுக்கு 5 நாணயம் வாங்கிக்கொண்டு எலும்பாக மாற்றித் தருவார். வில்டர்னஸிலும் ஒரு ஆல்டர் உண்டு. அங்கே எலும்பு சில நேரம் மிச்சமாகும். ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். புதியவருக்கு ரிமிங்டன்தான் சரி.

முதல் பாஸாக வரோக் சாக்கடைக்குள் இருக்கும் ஸ்கரியஸ் என்ற ராட்சத எலியைப் பரிந்துரைக்கிறோம். குவெஸ்ட் தேவையில்லை. தனியாகவும் குழுவாகவும் போகலாம். அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸ் 60-ஐ ஒட்டி இருந்தால் வசதி.

எடுத்துச் செல்ல வேண்டியவை: சிறந்த ரூன் அல்லது டிராகன் ஆயுதம், மூன்று நான்கு பிரேயர் போஷன், ஒரு டெலிபோர்ட், மிச்ச இடமெல்லாம் உணவு. லாப்ஸ்டர் 12, ஸ்வார்ட்ஃபிஷ் 14, மங்க்ஃபிஷ் 16, ஷார்க் 20 ஹிட்பாயின்ட் மீட்கும். விலைக்கும் பலனுக்கும் மங்க்ஃபிஷ் நல்ல நடுநிலை.

சண்டையின் முறை இதுதான். தொடக்கத்தில் அது நெருங்கி அடிக்கும். 43-இன் காப்பைப் போட்டு நில்லுங்கள். தரையில் நிழல் விழுந்தால் மேலிருந்து கல் வருகிறது. உடனே அந்தக் கட்டத்திலிருந்து நகருங்கள். உயிர் குறையக் குறைய தொலைவிலிருந்தும் எறியத் தொடங்கும். பறந்து வருவது மந்திரமா அம்பு வகையா என்று அதன் தோற்றத்தைப் பார்த்து, அது உங்களைத் தொடும் முன் காப்பை மாற்ற வேண்டும். முதல் சில சண்டைகளில் தடுமாறுவது இயல்பு. அடிப்பதை விட்டுவிட்டு காப்பு மாற்றுவதில் மட்டும் கண் வைத்து ஒரு சண்டையை ஓட்டிப் பாருங்கள், கை பழகிவிடும்.

உணவு சாப்பிட்டால் அடுத்த அடி 3 டிக் தள்ளிப் போகும். உயிர் கொஞ்சம் குறைந்தவுடன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் எதிரி சாகவே சாகாது. எதிரியின் பெரிய அடி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதற்குச் சற்று மேலே உயிர் இறங்கும்வரை பொறுங்கள்.

செத்தால் பதற வேண்டாம். பெரும்பாலான இடங்களில் உங்கள் பொருள்கள் ஒரு கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும். அந்தக் கடிகாரம் நீங்கள் உள்ளே இருக்கும்போது மட்டுமே ஓடும். இணைப்பு அறுந்து செத்திருந்தால், நிதானமாக இணைப்பைச் சரிசெய்துவிட்டு வரலாம்.

ஏமாற்றுபவர்கள்

போட்ட பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர், கவசத்தில் தங்கக் கரை வைத்துத் தருகிறேன் என்பவர், விளையாட்டை விடுகிறேன் எல்லாப் பொருளையும் இலவசமாகத் தருகிறேன் என்று நேரலை போடுபவர் மூவரும் ஒரே ரகம். வர்த்தகத்தில் இரண்டாவது திரை வரும். அதில் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் மறுபடி படிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் திரையில் காட்டியதைக் கடைசி நொடியில் மாற்றுவது பழைய தந்திரம். முன்பின் தெரியாதவர் நல்ல வேட்டை இடம் காட்டுகிறேன் வா என்று வடக்கே அழைத்தால், மினிமேப்பில் வில்டர்னஸ் பள்ளம் தெரிகிறதா பாருங்கள். ஜேகெக்ஸ் ஊழியரின் பெயருக்கு முன் தங்கக் கிரீடம் இருக்கும். அவர்களும் கடவுச்சொல் கேட்கமாட்டார்கள்.

உண்மைப் பணத்துக்கு ஆட்ட நாணயம் வாங்குவது விதிமீறல். பிடிபட்டால் கணக்கே போகும்.

சேர்ந்து ஆடுவது

தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய விளையாட்டுதான் இது. ஆனால் கிளான் என்ற ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேர்ந்தபின் அதன் நிறமே மாறிவிடும். ஆள் எண்ணிக்கையைப் பார்த்துச் சேராதீர்கள். நீங்கள் ஆடும் நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய நேரத்தில் இயங்கும் கிளானில் சேர்ந்தால், அவர்கள் கூட்டாகப் போகும் வேளையில் இங்கே நள்ளிரவாக இருக்கும். சேரும் முன் இரண்டு மூன்று நாள் விருந்தினராக அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

சாட்டில் ஒரு சாய்கோடு போட்டுத் தொடங்கினால் நண்பர் சேனல், இரண்டு போட்டால் கிளான், மூன்று போட்டால் விருந்தினராகப் போன கிளான். தமிழ் எழுத்து ஆட்டத்தின் சாட்டில் வராது. தமிழ் நண்பர்களோடு ஆடும்போது டிஸ்கார்டில் குரல் வழியாகப் பேசுவதே சிறந்தது. கையும் சும்மா இருக்கும், சண்டையும் தடைப்படாது.

நெருங்கிய நண்பர்கள் 2 முதல் 5 பேர் ஒன்றாகத் தொடங்குவதாக இருந்தால் குரூப் அயர்ன்மேன் முறையைப் பாருங்கள். சந்தை கிடையாது. குழுவுக்கு வெளியே யாரிடமும் வாங்கவும் முடியாது. ஒருவர் மீன் பிடிக்க, ஒருவர் ஆயுதம் செய்ய, ஒருவர் மூலிகை பார்க்க என்று வேலை பிரிந்து, எல்லோருக்கும் பொதுவான கிடங்கு ஒன்று நிறையும். தொடங்கும் முன் ஒன்றை மட்டும் பேசி வையுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒவ்வொருவராலும் முடியும் என்று. ஒருவர் நாள் முழுக்க ஆடி மற்றவர்கள் ஞாயிறு மட்டும் வந்தால், முதல் மாதத்திலேயே குழு உடையும்.

சண்டை குறைவாக, கூட்டம் அதிகமாக வேண்டுமென்றால் விண்டர்டாட் என்ற கூட்டு ஆட்டம் இருக்கிறது. ஃபயர்மேக்கிங் 50 வேண்டும். டெம்போராஸுக்கு ஃபிஷிங் 35. கார்டியன்ஸ் ஆஃப் தி ரிஃப்டுக்கு ரூன்கிராஃப்ட் 27. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து செய்யலாம்; ஒருவர் தவறு செய்தாலும் யாரும் திட்டமாட்டார்கள்.

ரெய்டு (குழுவாக அடுத்தடுத்துப் பல பாஸ்களை வீழ்த்தும் பெரிய சவால்) என்றால் 2022-இல் வந்த டூம்ஸ் ஆஃப் அமாஸ்கட்டில் தொடங்குங்கள். பெனீத் கர்ஸ்டு சாண்ட்ஸ் குவெஸ்டை முடித்திருக்க வேண்டும். 1 முதல் 8 பேர் வரை போகலாம். கடினத்தை நீங்களே எண்ணாகக் கூட்டிக் குறைக்கலாம்: 150-க்குக் கீழே தொடக்க நிலை, 150 முதல் சாதாரண நிலை, 300 முதல் நிபுணர் நிலை. முதல் முறை எண்ணைப் பூஜ்ஜியத்திலேயே வையுங்கள். இரண்டு மூன்று பேர் போதும். நான்கு பாதைகளில் ஒவ்வொன்றுக்கும் முன், அதை ஏற்கெனவே செய்தவர் குரலில் இரண்டு நிமிடம் விளக்கட்டும். அந்த அறையில் எல்லோரும் ஒருமுறையாவது சாகும் வரை யாரையும் அவசரப்படுத்த வேண்டாம்.